சுவரில் இடமில்லாத ஊர்

ஒருவர் எந்த ஊரைத் தம் ஊராகக் கருதுகிறார் என்பதை அவர் வாய்மொழியால் அறிய வேண்டியதில்லை. அவர் வீட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்தாலே போதும். சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் சுவர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மதுரைக் கோபுரம் இருக்கும். தஞ்சைப் பெரிய கோவில் இருக்கும். பிறந்த ஊர்க் குலதெய்வத்தின் படம் இருக்கும். திருவேங்கடவன் திருவுருவம் தவறாமல் இருக்கும். ஆனால், முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு நாம் உண்டு உறங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பெரியோரை எரியூட்டிய இந்த ஊர்களின் தெரு ஒன்று, கோட்டை ஒன்று, குளம் ஒன்று அந்தச் சுவரில் இருக்கிறதா? இல்லை. இறைவனின் படம் உண்டு. இறைவன் இருக்கும் ஊரின் படம் இல்லை.

இதைச் சிறு குறையெனச் சிலர் ஒதுக்கலாம். யாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. வாழும் ஊரின் பழைய பொறிப்போவியங்களையும் கோட்டோவியங்களையும் தேடிச் சேர்ப்பதும், கிடைக்காதவற்றைப் புதிதாக வரையச் செய்வதும், குடிபெயர்ந்து வாழும் ஒரு சமுதாயத்தின் கடமை என்பதே இக்கட்டுரையின் வாதம். அக்கடமையை நாம் செய்யவில்லை என்பதே இதன் குற்றச்சாட்டு.

வந்தவர் வரைந்தவையும் வரையாதவையும்

நம் நாட்டுக் காட்சிகளை அச்சுப் படங்களாக்கி உலகுக்குக் காட்டியவருள் முதன்மையானவர்கள் தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்னும் இரு ஆங்கிலேயர்கள். 1786 முதல் 1793 வரை இந்தியாவில் இருந்த இவர்கள், 1792 இல் தென்னாட்டில் பயணம் செய்தார்கள். ஊர் திரும்பியபின் 1795 தொடங்கி 1808 வரை வெளியிட்ட பெருந்தொகுதியில் 144 படங்கள் உள்ளன. செப்புத் தகட்டின்மேல் பிசின் தூளைப் படியச் செய்து, அமிலத்தால் அரிக்க வைத்து, நீர்வண்ணம் போன்ற நிழலைப் பெறும் முறையில் அச்சிடப்பட்டவை அவை. திருச்சி மலைக்கோட்டை, மதுரை அரண்மனை, தஞ்சைப் பெரிய கோவில், மாமல்லபுரம் ஆகியவற்றை அங்கே காணலாம். திருமலையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

காரணம் எளிது. வெளிநாட்டவர் கால் வைக்கக் கூடாத மலையாகத் திருமலை நெடுங்காலம் இருந்தது. கோவில் நிருவாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் கையில் வைத்திருந்து, 1843 இல் ஹாதிராம்ஜி மடத்திடம் ஒப்படைத்தார்கள். வருமானத்தைக் கண்காணித்த அந்தக் காலத்திலும் வெள்ளையர் மலையேறிச் சென்று ஓவியப் பலகையை விரித்து அமரும் வழக்கம் ஏற்படவில்லை. ஆகவே, வெளியிலிருந்து வந்த கைகள் மதுரைக்கும் தஞ்சைக்கும் செய்த பணியைத் திருமலைக்குச் செய்யவில்லை. அது உள்ளூர்க் கைகள் செய்திருக்க வேண்டிய பணி.

உள்ளூர்க் கைகள் எதைச் செய்தன? தெய்வத் திருவுருவை அச்சிட்டன. கல்லச்சிலும், வண்ண அச்சிலும், நாட்காட்டியிலும், வாழ்த்து அட்டையிலும் வேங்கடவன் வடிவம் எண்ணிறந்த படிகளாக நாடெங்கும் பரவியது. பக்தியின் வெற்றி அது. அதில் குறை காண யாம் வரவில்லை. ஆனால், அந்தப் பெருவெள்ளத்தில் மாட வீதியும், அலிபிரிப் படிக்கட்டும், கபில தீர்த்தமும், கோவிந்தராசர் கோவில் கோபுரத்தின் அடியில் இருந்த கடைவரிசையும் மறைந்துபோயின. இந்த ஊர்களின் கடவுளைக் கோடிக்கணக்கானோர் படத்தில் அறிவர். இந்த ஊர்களின் முகத்தைப் படத்தில் அறிந்தோர் மிகச் சிலர்.

இழந்த இரண்டு

முகம் இருக்கும்வரை அதன் படம் இல்லாமை உறுத்துவதில்லை. முகம் போனபின் உறுத்துகிறது. நம் கண்முன் இருமுறை போயிற்று.

திருமலைக் கோவிலின் எதிரே விசயநகரக் காலத்தில் எழுந்த ஆயிரங்கால் மண்டபம் நின்றது. 2003 ஆம் ஆண்டில் திருமலையை விரிவுபடுத்தும் திட்டத்தின் பெயரால் அது அகற்றப்பட்டது. கூட்டம் பெருகிற்று, இடம் தேவைப்பட்டது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஐந்து நூற்றாண்டுகள் நின்ற தூண்களை அகற்ற மனம் துணிந்த தலைமுறை, அவற்றை அகற்றுமுன் ஒவ்வொரு தூணையும் வரைந்து வைக்க வேண்டும் என்று வீதியில் நின்று கேட்டதா? எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன, வழக்கும் நடந்தது. ஆனால், ஆண்டுதோறும் விழா எடுக்கும் நம் போன்ற சங்கங்களின் குரல் அதில் எவ்வளவு இருந்தது என்பதை அவரவர் நெஞ்சே சொல்லட்டும்.

அடுத்தது திருக்காளத்தி. கிருட்டிணதேவராயர் 1516 இல் எழுப்பிய ஏழுநிலை இராசகோபுரம், 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. முன்பே விரிசல் கண்டு மக்களை அப்புறப்படுத்தியிருந்தமையால் உயிர்கள் தப்பின. அதே இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017 இல் குடமுழுக்கும் நடந்தது. புதிய கோபுரம் அழகியதே. ஆனால், சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம், கண்ணப்பர் கண்ணை அப்பிய தலம் என்று மேடைதோறும் முழங்கும் நம் வீடுகளில், வீழ்ந்த அந்தக் கோபுரத்தின் நிலைதோறும் எத்தனைச் சுதை உருவங்கள் இருந்தன, எந்தப் பக்கத்தில் விரிசல் ஓடிற்று என்று காட்டும் ஒரு கோட்டோவியமேனும் உண்டா?

மூன்று மறுப்புகள்

“நிழற்படம் இருக்கையில் கோட்டோவியம் எதற்கு?” என்பது முதல் மறுப்பு. நிழற்படம் வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. அதுவும் சேர்க்கத் தக்கதே. ஆனால், இரண்டும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. நிழற்படம் ஒரு நொடியில் எதிரே உள்ள அனைத்தையும் பதிவு செய்கிறது. மின்கம்பியும் விளம்பரப் பலகையும் தூணின் சிற்பமும் அதற்கு ஒன்றே. வரைபவன் மணிக்கணக்கில் அமர்ந்து, எந்தக் கல் எந்தக் கல்லைத் தாங்குகிறது என்று தெரிந்துகொண்டு கோடு போடுகிறான். போடப்பட்ட ஒவ்வொரு கோடும் ஒரு முடிவு. நாமக்கல்லில் 1919 இல் பிறந்து 1983 இல் மறைந்த ‘சில்பி’ என்னும் பி. எம். சீனிவாசன், ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் தொடருக்காகக் கோவில் கோவிலாகச் சென்று, சிற்பத்தின் முன் அமர்ந்து வரைந்தார். அந்தப் படங்களில் நகக்கண் தெரியும். அணிகலனின் முடிச்சுத் தெரியும். இருண்ட மண்டபத்தில் நம் கண்ணுக்கே எட்டாதது தெரியும்.

மதுரையில் 1936 இல் பிறந்த மனோகர் தேவதாஸ் கதையையும் எண்ணிப் பாருங்கள். கண்ணொளியைச் சிறிது சிறிதாகப் பறிக்கும் விழித்திரை நோய்க்கு ஆளானவர் அவர். மங்கிவரும் பார்வையோடு போராடி, தம் இளமைக்கால மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும், பின்னர்ச் சென்னையின் கட்டடங்களையும் மைப்பேனாவால் வரைந்தார். அவை வாழ்த்து அட்டைகளாகி வீடு வீடாகச் சென்றன. வந்த பொருள் அறப்பணிக்குச் சென்றது. 2020 இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. 2022 இல் மறைந்தார். பார்வை குன்றிய ஒருவர் மதுரைக்குச் செய்ததை, பார்வை நிறைந்த நாம் திருப்பதிக்குச் செய்யவில்லை.

பிறநாட்டார் இதை நமக்கு முன்பே உணர்ந்தனர். உரோம் நகரின் இடிபாடுகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரனேசி என்பார் செப்புத் தகட்டில் பொறித்தார். பாரிசு நகரின் பழைய பகுதிகள் பெரிய சாலைகளுக்காக இடிபடவிருந்த காலத்தில், 1850 களில், சார்லசு மெரியோன் என்னும் ஓவியர் அப்பகுதிகளைப் பொறிப்போவியங்களாக்கினார். வறுமையிலும் மனநோயிலும் அவர் 1868 இல் மடிந்தார். இன்று பழைய பாரிசை அறிய விழைவோர் அவர் தகடுகளையே நாடுகின்றனர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓவியமும் பொய் சொல்லும். அழகுக்காக மரத்தை இடம் மாற்றும், குன்றை உயர்த்தும். டேனியல் படங்களிலும் அத்தகைய அழகூட்டல் உண்டு. அதனால்தான் ஒரே இடத்தைப் பலர் பல காலத்தில் வரைந்தவற்றையும், நிழற்படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். ஒரே சாட்சியை மட்டும் நம்புவது போதாது.

“இது செல்வர் பொழுதுபோக்கு” என்பது இரண்டாம் மறுப்பு. டேனியலின் மூலப் படிகளை வாங்குவது செல்வர்க்கே இயலும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால், பழைய இதழ்ப் பக்கங்கள், கோவில் குடமுழுக்கு மலர்கள், இரயில்வே வழிகாட்டி நூல்கள், அஞ்சலட்டைகள், பழைய திருமண அழைப்பிதழின் முகப்பில் அச்சான கோபுரப் படம் ஆகியவை பழைய புத்தகக் கடையிலும், நம் வீட்டுப் பரண் பெட்டியிலும் கிடப்பவை. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ன அரசரா? தாமாகவே தேடித் தேடிச் சேர்த்தார். நூல், இதழ், துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று பிறர் எறிந்ததையெல்லாம் காத்தார். 1992 இல் அவர் மறைந்தபின், அந்தத் தொகுப்பே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பொருள் குறைவு அவரைத் தடுக்கவில்லை. நம்மைத் தடுப்பதும் பொருள் குறைவன்று.

“இது தெலுங்கு நாடு, நமக்கென்ன?” என்பது மூன்றாம் மறுப்பு. வெளிப்படையாகச் சொல்வோர் சிலர். உள்ளத்துள் வைத்திருப்போர் பலர். இதற்கே முதன்மையாக விடை சொல்ல வேண்டும். 1911 இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. எல்லைப் போராட்டத்தின் விளைவாகத் திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் காளத்தியும் இங்கேயே நின்றன. 2022 இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. எல்லைக் கல் நாட்டியாயிற்று. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகக் குறித்தது பழம்பெருமை. அப்பெருமையை மேடையில் பேசிவிட்டு, அந்த வேங்கடத்தின் அடிவாரத் தெருவைக் கண்ணெடுத்தும் பாராமல் போவது பெருமையன்று, பாசாங்கு.

இந்த மண்ணின் வரலாறு இரு மொழியாருக்கும் பொது. சந்திரகிரியின் இராசமகாலைப் பாருங்கள். மரத்துண்டு கலவாமல் கல்லும் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த மூன்றடுக்கு மாளிகை அது. 1639 இல் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் கோட்டைக்கு நிலம் கிடைத்தபோது, அந்நிலத்தின் மேலாட்சி சந்திரகிரியில் இருந்த விசயநகர மரபினரைச் சார்ந்திருந்தது. சென்னையின் பிறப்புக் கதை இம்மலையடியையும் தொட்டுச் செல்கிறது என்றால், அந்த மாளிகையின் படம் சென்னைத் தமிழர் வீட்டிலும் இருக்கலாம், சந்திரகிரித் தெலுங்கர் வீட்டிலும் இருக்கலாம். படத்தின் கீழ் இரு மொழியிலும் பெயர் எழுதினால், உரிமைச் சண்டைக்கு இடமேது?

சேர்ப்போரின் குற்றங்கள்

சேர்க்காதவரைக் கடிந்தோம், சேர்ப்போரையும் விடுவதற்கில்லை.

முதற் குற்றம், நூலைக் கிழிப்பது. பழைய படத்தொகுதி ஒன்று கையில் கிடைத்தால், தாள் தாளாகப் பிரித்துச் சட்டமிட்டு விற்கும் வணிகர் உளர். தொகுதியாக இருந்தால் ஒருவர் வாங்குவார். பிரித்தால் இருபது பேர் வாங்குவர். இந்தக் கணக்கில் படத்துக்குரிய விளக்கமும் ஆண்டும் வரிசையும் குப்பைக்குப் போகின்றன. அத்தகைய தாளை வாங்குவோர் அந்தக் கிழிப்புக்குக் கூலி கொடுக்கிறோம் என்பதை அறிந்தே வாங்குகின்றனர்.

இரண்டாம் குற்றம், எது மூலம், எது படி என்று அறியாமல் பெருமை பேசுவது. ஓவியர்கள் ‘எச்சிங்’ என்று வழங்கும் பொறிப்போவியத்தில், மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறுவர். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளையால் அழுத்துவர். ஆகவே, படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் தாளில் இருக்கும். மைக்கோடு விரலுக்குச் சற்றே மேடாகத் தட்டுப்படும். நேரில் கண்டதை அப்படியே தகட்டில் கீறினால் அச்சில் இடம் வலமாக மாறும் என்பதையும் நினைவிற் கொள்க. விகடன் போன்ற இதழ்களில் பேனாப்படங்கள் வந்தது துத்தநாக ‘பிளாக்’ வழியே. அங்கும் அமிலமே தொழில் செய்தது. ஆனால் கோட்டை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தை அரித்தது. மேடாக நின்ற கோடு எழுத்துகளோடு சேர்ந்து அச்சாயிற்று. உருப்பெருக்கிக் கண்ணாடியில் சின்னஞ்சிறு புள்ளிக் கூட்டம் தெரிந்தால், அது நிழற்பட முறையில் எடுத்த படி. படியைச் சேர்ப்பது இழிவன்று; படியை மூலமென்று விற்பதும், அப்படிச் சொல்லிக்கொண்டு மாட்டுவதுமே இழிவு.

மூன்றாம் குற்றம், காக்கத் தெரியாமல் கெடுப்பது. பழந்தாளை நெகிழித் தாளிட்டு உருக்கி ஒட்டுவது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். பின் பிரிக்க இயலாது. ஒட்டு நாடா சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகும். நேர்வெயில் படும் சுவர் வண்ணத்தை உறிஞ்சும். அமிலமற்ற அட்டையின்மேல் கோதுமைப் பசை தடவிய மெல்லிய தாள் கீலால் பிணைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே வெளிவிட்டுச் சட்டமிடுவதே முறை. பின்புறத்தில் மென்மையான பென்சிலால், எந்த இடம், யார் வரைந்தது, எங்குக் கிடைத்தது, எந்த நாள் என்று எழுதுக. இவ்வளவே செலவு.

நான்காம் குற்றம், பூட்டி வைப்பது. பெட்டிக்குள் கிடக்கும் படம் யாருக்கும் சான்றாகாது. சேர்த்தவர் மறைந்ததும் பழைய தாள் வாங்குபவரின் தராசுக்குப் போகும்.

சங்கம் செய்யத் தக்கது

வாதத்தை வேண்டுகோளாக முடிக்காவிடில் அது வெறும் வசையாகும். ஆகவே, நம் சங்கத்தின் முன் மூன்று செயல்களை வைக்கிறோம்.

ஒன்று: அடுத்த ஆண்டு விழாவில், ஒவ்வொரு குடும்பமும் தன் பரணில் கிடக்கும் பழைய படங்களைக் கொண்டுவரட்டும். சித்தூர், திருப்பதி, சந்திரகிரி, காளத்தி, காணிப்பாக்கம் என்று ஊர்வாரியாக ஒரு பதிவேடு எழுதுவோம். படம் உரியவரிடமே இருக்கட்டும். அதன் நகலும் விவரமும் சங்கத்தில் இருக்கட்டும். ஒரு படியை 1954 இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கும் அளிப்போம்.

இரண்டு: விழாவுக்கு வருவோர்க்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர் வீட்டில் ஏற்கெனவே நூறு பொன்னாடைகள் உள்ளன. அந்தச் செலவில் ஆண்டுக்கு ஓர் இளம் ஓவியரை அழைத்து, ஊரின் ஓர் இடத்தைத் தகட்டில் பொறிக்கச் செய்வோம். தமிழரோ தெலுங்கரோ, கைத்திறனே தகுதியாகட்டும். காளத்தியில் மூங்கில் குச்சியைக் கூராக்கிக் கலமாக்கித் துணியில் இதிகாசம் தீட்டும் கலங்காரிக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். இராமன் கதையைக் கோட்டில் எழுதும் அந்தக் கை, தன் ஊர்க் கோபுரத்தையும் எழுதும். கேட்பார் இல்லாமையே குறை. ஐம்பது படிகள் அச்சிட்டு, எண்ணிட்டு, ஓவியரின் கையொப்பத்தோடு அழைப்பாளர்க்கும் உறுப்பினர்க்கும் வழங்குவோம். பத்தாண்டில் பத்துத் தகடுகள். ஊரின் முகம் பத்து முறை காக்கப்பட்டிருக்கும்.

மூன்று: நம் மலரையே எடுத்துக்கொள்வோம். வாழ்த்துச் செய்திக்குப் பத்துப் பக்கம். நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்களுக்கு அதனினும் மிகுதி. ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாகாதா? மலர்தோறும் ஒரு பழைய படம், அதன் கீழ் அவ்விடம் அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று பத்து வரி. விளம்பரங்களுக்காக எவரும் மலரைக் கட்டிக் காப்பதில்லை. அந்தப் பக்கத்துக்காகக் காப்பர்.

நம் பெற்றோர் இங்கு வந்தபோது இவ்வூர் அவர்களுக்கு அயலூர். நம் பிள்ளைகளுக்கு இதுவே பிறந்த ஊர். அவர்கள் அமெரிக்காவிலோ ஆத்திரேலியாவிலோ குடியேறி, தம் கூடத்துச் சுவரில் எதை மாட்டுவர்? தாம் காணாத தஞ்சையையா? தாத்தா சொன்ன மதுரையையா? அவர்கள் கண் அறிந்தது அலிபிரிப் படிக்கட்டு. கால் அறிந்தது சந்திரகிரிக் கோட்டை. அந்தப் படத்தை அவர்கள் கையில் கொடுத்தனுப்ப வேண்டியவர்கள் நாம். அதற்கு இன்னும் நிற்கும் தூண்களை, அவை நிற்கும்போதே வரையச் செய்ய வேண்டும். விழுந்தபின் தேடுவோர்க்கு 2003 உம் 2010 உம் என்ன விடை தந்தன என்பதை நாம் அறிவோம்.